‘தப்பு’ என்று சொன்னது யார்?

காலை பத்து மணிக்குத் திருப்பூரிலிருந்து போன். பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்குப் பார்க்கும் பெண் பேசினார். “ஏனுங்க சார், பாஸ்வேர்டு தப்புங்குதுங்க. நாலு தடவ மாத்திக் குடுத்துட்டாங்க. மாத்துனதும் தப்புங்குதுங்க.”

ஐரோப்பாவில் அவர்களிடம் சரக்கு வாங்குபவர் நடத்தும் இணையதளம் அது. ஆர்டர், பேக்கிங் லிஸ்ட், கப்பல் தேதி எல்லாம் அதற்குள்தான். உள்ளே போக இரண்டு அடையாளம் காட்ட வேண்டும். முதலில் கணினியில் நிறுவிய டிஜிட்டல் சான்றிதழ், பிறகு பயனர்பெயரும் கடவுச்சொல்லும். சான்றிதழின் ஆயுள் ஓராண்டு. பழையது முடிய இன்னும் சில நாள்தான் என்பதால் புதியதை முந்தைய நாள் மாலை அனுப்பியிருந்தார்கள்.

“தப்புன்னு சொல்றது யாரும்மா?” என்று கேட்டேன்.

“கம்ப்யூட்டர்தானுங்க சார்.”

பதில் சரிதான். ஆனால் அந்தக் ‘கம்ப்யூட்டர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் குறைந்தது நான்கு காவலர்கள் நிற்கிறார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழாது. எல்லோரும் ஒரே குரலில் ‘தப்பு’ என்கிறார்கள். யார் சொன்னது என்று தெரியாமல் ஏன் என்று தேடப்போனால் நாள் முழுக்கக் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

காவலர்களைச் சந்திக்கும் முன், அவர்கள் கேட்கும் இரண்டு பொருள்களும் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடுவோம்.

கடவுச்சொல் மூத்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் ஒரே கணினியைப் பலர் பங்குபோட்டுக்கொள்ளும் முறையை உருவாக்கினார்கள். ஒருவர் கோப்பை இன்னொருவர் நோண்டக்கூடாதே என்று ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். அந்தப் பூட்டு ரொம்ப நாள் தாங்கவில்லை. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை என்று, எல்லோருடைய கடவுச்சொல்லும் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். கடவுச்சொல்லின் அடிப்படைக் கோளாறு அப்போதே வெளிப்பட்டுவிட்டது. அது இருவர் பகிரும் ரகசியம். உங்களிடம் இருப்பது அந்தப் பக்கமும் ஏதோ ஒரு வடிவில் இருந்தாக வேண்டும். 1979-இல் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் எழுதிய கட்டுரை, கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், ஒவ்வொருவருக்கும் வேறுவேறாக ‘உப்பு’ கலந்து, திரும்பப் பிரிக்க முடியாதபடி அரைத்து வைக்கும் முறையை விளக்கியது. உப்பு என்பது அவர்கள் வைத்த பெயரேதான். இன்றைக்கும் அடிப்படை அதுதான். ஆனாலும் ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் உங்கள் ரகசியத்தை அந்தப் பக்கத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும்.

சான்றிதழின் கதை வேறு. 1976-இல் விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் பொதுச்சாவி என்ற கருத்தை உலகத்துக்குச் சொன்னார்கள். ஆளுக்கு இரண்டு சாவி. ஒன்றை ஊருக்கே கொடுக்கலாம், மற்றதை யாருக்கும் கொடுக்கக்கூடாது. தனிச்சாவியால் போட்ட ஒப்பத்தைப் பொதுச்சாவி வைத்திருக்கும் யாரும் சரிபார்க்கலாம். ரகசியம் கைமாறவே இல்லை. சரி, இந்தப் பொதுச்சாவி இன்னாருடையது என்று எப்படி நம்புவது? டெலிபோன் டைரக்டரி மாதிரி ஒரு பொதுப் பட்டியல் வைத்துவிடலாம் என்பது முதலில் வந்த யோசனை. 1978-இல் லோரன் கோன்ஃபெல்டர் என்ற எம்ஐடி மாணவர் தன் இளங்கலை ஆய்வேட்டில் அதைவிட எளிய வழி சொன்னார். பட்டியல் எதற்கு? பெயரையும் பொதுச்சாவியையும் ஒரே தாளில் எழுதி, நம்பகமான ஒருவர் ஒப்பமிட்டு ஆளிடமே கொடுத்துவிட்டால் போயிற்று. அதற்கு அவர் வைத்த பெயர்தான் சான்றிதழ். இளங்கலை ஆய்வேடு ஒன்று உலகத்தை இவ்வளவு தாங்கி நிற்பது அரிது. அந்தத் தாள் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று வகுத்த எக்ஸ்.509 தரம் 1988-இல் வந்தது. திருப்பூருக்கு மின்னஞ்சலில் வந்ததும் அந்த வடிவம்தான்.

மதியம் நேரில் போய்ச் சேர்ந்தேன். தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே மாடியில் ஓர் அறை. மேஜையில் விண்டோஸ் 7 கணினி. நடப்பதைச் செய்துகாட்டச் சொன்னேன். மின்னஞ்சலில் வந்த பிஎஃப்எக்ஸ் கோப்பை அவர் இருமுறை தட்டினார். சிறு ஜன்னல் ஒன்று திறந்து கடவுச்சொல் கேட்டது. தாளில் எழுதி வைத்திருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டினார். தவறான கடவுச்சொல் என்று வந்தது.

இணையதளம் இன்னும் திறக்கப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். வாங்குபவரின் உதவி மையம் நாலு முறை மாற்றிக் கொடுத்தது தளத்தின் கடவுச்சொல்லை. இங்கே கேட்டதோ கோப்பின் கடவுச்சொல். தனிச்சாவி வழியில் களவு போகாமல் இருக்க அதைச் சான்றிதழோடு சேர்த்து ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி அனுப்புகிறார்கள், அந்தப் பெட்டியின் பூட்டு இது. யூஎஸ்பி டோக்கனில் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் பின் எண் கேட்கும். ஆடிட்டர் அலுவலகங்களில் டிஎஸ்சி எனப்படும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் டோக்கன்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். மூன்றுக்கும் நாம் சொல்வது பாஸ்வேர்டு என்ற ஒரே பெயர். குழப்பத்தில் பாதி அந்தப் பெயரால் வருகிறது.

ஆனால் அவர் தட்டியது கோப்புக்கு உரிய சரியான கடவுச்சொல்தான். மூன்று முறை ஒப்பிட்டேன். அப்படியானால் விண்டோஸ் ஏன் தப்பு என்றது?

கடவுச்சொல் சரியா என்று அந்தப் பெட்டி நேரடியாகச் சோதிப்பதில்லை. தட்டிய கடவுச்சொல்லிலிருந்து ஒரு சாவியைச் செய்து, அதை வைத்துப் பெட்டியின் உள்ளடக்கத்துக்கு ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிடுகிறது. கோப்பில் ஏற்கெனவே எழுதியிருக்கும் எண்ணோடு அது பொருந்தாவிட்டால், கடவுச்சொல் தவறு என்று முடிவு கட்டிவிடுகிறது. பொருந்தாமல் போக இன்னொரு காரணமும் உண்டு: கணக்கிடும் முறையே மாறியிருக்கலாம். இத்தகைய கோப்புகளை உண்டாக்கப் பெரிதும் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள், 2021 செப்டம்பரில் வந்த 3.0 பதிப்பில் பழைய பலவீனமான முறைகளை விட்டுவிட்டு ஏஇஎஸ்-256, எஸ்எச்ஏ-256 முறைகளுக்கு மாறியது. நல்ல மாற்றம்தான். ஆனால் விண்டோஸ் 7 போன்ற பழைய அமைப்புகளுக்கு அந்தப் புதிய பூட்டு தெரியாது. ‘எனக்கு இந்தப் பூட்டைத் திறக்கத் தெரியவில்லை’ என்று சொல்லும் நேர்மை அவற்றுக்கு இல்லை, ‘உன் சாவி தப்பு’ என்றுவிடுகின்றன. ஆப்பிள் கணினிகளிலும் இதே வம்பு நடந்திருக்கிறது. பழைய முறையில் பெட்டியைக் கட்டித்தர ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ‘லெகசி’ என்று ஒரு விருப்பத்தேர்வு உண்டு. என் மடிக்கணினியில் கோப்பைப் பிரித்து அப்படி மறுபடி கட்டிக் கொடுத்தேன். விண்டோஸ் 7 மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

முதல் காவலர் ஒதுங்கினார். அவர் ஐரோப்பாவிலேயே இல்லை, அந்த மேஜையின் மேலேயேதான் இருந்தார்.

இப்போது தளத்தைத் திறக்கச் சொன்னேன். எந்தச் சான்றிதழைக் காட்டட்டும் என்று பிரவுசர் கேட்டது. பட்டியலில் இரண்டு. பழையதும் புதியதும் ஒரே பெயரில். “ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்களே” என்று தயங்கியவர், நான் வாயைத் திறப்பதற்குள் பயந்துபோய்க் கேன்சலை அமுக்கிவிட்டார். வெள்ளைத் திரையில், 400 என்ற எண்ணோடு, தேவையான சான்றிதழ் அனுப்பப்படவில்லை என்று ஒரு வரி வந்தது. ரெஃப்ரெஷ் செய்தார். அதே வரி. மறுபடி. அதேதான். பட்டியல் திரும்ப வரவே இல்லை.

இந்த இரண்டாவது காவலரைப் புரிந்துகொள்ளக் கைகுலுக்கலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூட்டுக்குறி போட்ட எந்த இணைப்பிலும் முதலில் தளம்தான் தன் சான்றிதழை நமக்குக் காட்டும். சில தளங்கள் அதோடு நிற்காமல், ‘உன்னுடையதையும் காட்டு’ என்று கேட்கும். கேட்கும்போது எந்தெந்த நிறுவனம் ஒப்பமிட்ட சான்றிதழ் செல்லும் என்ற பட்டியலையும் அனுப்பலாம். பிரவுசர் அந்தப் பட்டியலுக்குப் பொருந்துபவற்றை மட்டும் நமக்குக் காட்டுகிறது. நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், அதுவரை இரு பக்கமும் பேசிய பேச்சு முழுவதன் சுருக்கத்தின்மேல் தனிச்சாவியால் ஒப்பமிட்டு, சான்றிதழோடு சேர்த்து அனுப்புகிறது. இத்தனையும் முடிந்த பிறகே பக்கத்தின் முதல் எழுத்து வரும். பயனர்பெயர், கடவுச்சொல் கேட்கும் பெட்டி அதற்கும் பிறகு. அதாவது, சான்றிதழைப் பார்ப்பவர் வாசலில் நிற்கும் வாட்ச்மேன். கடவுச்சொல்லைப் பார்ப்பவர் உள்ளே மேஜைக்குப் பின்னால் இருக்கும் மேனேஜர். கடவுச்சொல் பெட்டி கண்ணில் பட்டுவிட்டது என்றால் பொதுவாக வாட்ச்மேனைத் தாண்டிவிட்டோம் என்று பொருள்.

பொருத்தமான சான்றிதழ் இல்லாவிட்டாலோ, கேன்சல் அமுக்கினாலோ, பிரவுசர் சண்டை போடாது. வெறும் உறையை நீட்டிவிட்டு அந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால்தான் ரெஃப்ரெஷ் பலிக்கவில்லை. பிரவுசரை முழுதாக மூடித் திறந்ததும் பட்டியல் மறுபடி வந்தது. பட்டியலே வரவில்லை என்று யாராவது சொன்னால், சான்றிதழ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் சர்வர் எந்தப் பட்டியலை அனுப்புகிறது என்று பார்க்க வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட் கருவி அதை வரிவரியாகக் காட்டிவிடும்.

வாட்ச்மேன் திருப்பி அனுப்பும்போது கையில் ஒரு எண்ணைக் கொடுப்பதுண்டு. எச்சரிக்கை எண் என்பார்கள். 45 என்றால் காலாவதி. 44 என்றால் ரத்து செய்யப்பட்டது. 48 என்றால் ஒப்பமிட்டவர் யாரென்று தெரியவில்லை, பெரும்பாலும் மூலச் சான்றிதழுக்கும் நம்முடையதற்கும் நடுவே வரவேண்டிய இடைச் சான்றிதழை நாம் சேர்த்து அனுப்பியிருக்கமாட்டோம். 116 என்றால் கேட்டும் காட்டவில்லை. இந்த எண்களைப் பிரவுசர்கள் புரியாத ஒரு வாசகத்துக்குள் புதைத்துவிடுகின்றன. தேடி எடுப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது.

காலாவதியில் ஒரு சின்ன வேடிக்கை. சான்றிதழின் நேரம் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகிறது. மார்ச் 31 இரவு 23:59:59 என்று அதில் இருந்தால், நமக்கு அது ஏப்ரல் 1 விடியற்காலை 5:29:59. நேற்றே முடிந்ததென்று நினைத்த சான்றிதழ் நைட் ஷிஃப்ட்டில் வேலை செய்வதும், காலை டீ வருவதற்குள் நின்றுபோவதும் இப்படித்தான். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துபோனால் இதற்கு நேர்மாறு. கணினியின் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும், எல்லாச் சான்றிதழும் ‘இன்னும் பிறக்கவில்லை’ ஆகிவிடும்.

இந்தக் கைகுலுக்கலின் நெறிமுறைக்கு டிஎல்எஸ் என்று பெயர். 2018-இல் வந்த அதன் 1.3 பதிப்பு வாட்ச்மேனின் பழக்கவழக்கத்தையே கொஞ்சம் மாற்றிவிட்டது. முந்தைய பதிப்பில் சர்வர் நம் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே கைகுலுக்கல் முடியும். புதியதில் நம் பக்கத்தைப் பொறுத்தவரை, சான்றிதழை அனுப்பியதுமே கைகுலுக்கல் முடிந்துவிடுகிறது. சர்வர் அதைப் படித்து மறுப்பது பிறகு. ஆகவே ‘இணைப்பு கிடைத்தது’ என்று நிரல் குறித்துக்கொள்ளும், அடுத்த நொடி முதல் எழுத்தைப் படிக்கப் போகும்போது இணைப்பு அறுந்திருக்கும். பார்ப்பவர் நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துக் கேபிளைப் பிடுங்கிச் செருகுவார்.

இன்னொரு மாற்றம் இதைவிடப் பலரை அலைக்கழித்தது. தளம் முழுவதற்கும் வேண்டாம், நிர்வாகப் பக்கத்துக்கு மட்டும் சான்றிதழ் கேட்போம் என்று பலர் சர்வரை அமைத்திருந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் மறுபடி கைகுலுக்கிச் சான்றிதழ் கேட்கும் வசதி பழைய நெறிமுறையில் இருந்தது. அந்த இடைவெளியில் திருடன் தன் பேச்சை முன்னால் நுழைத்துவிட முடியும் என்று 2009-இல் மார்ஷ் ரே, ஸ்டீவ் டிஸ்பென்சா இருவரும் காட்டினார்கள். ஓட்டையை அடைக்க அடுத்த ஆண்டே திருத்தம் வந்தது. பிறகு, பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி 2 நெறிமுறை நடுவில் மறுபடி கைகுலுக்குவதையே தடைசெய்தது, டிஎல்எஸ் 1.3 ஒரேயடியாக நீக்கியது. பதிலுக்கு வந்த மாற்று ஏற்பாட்டைக் குரோம் ஏற்கவில்லை. விளைவு, சர்வரைப் புதுப்பித்த மறுநாள் எந்தத் தவறும் செய்யாத பயனர்களுக்கு அனுமதி மறுப்பு. சான்றிதழ் கேட்கும் பகுதிக்குத் தனி முகவரி வைத்துவிடுவதே நிம்மதி என்பது என் அனுபவம்.

திருப்பூரில் புதிய சான்றிதழைச் சரியாகத் தேர்ந்தெடுத்தோம். வாட்ச்மேன் விட்டுவிட்டார். பயனர்பெயர், கடவுச்சொல் பக்கம் வந்தது. அன்று காலை நாலாவது முறையாக மாற்றிக் கொடுத்ததைத் தட்டினார். ‘பயனர்பெயர் அல்லது கடவுச்சொல் தவறு.’

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கோ ஆர்வம் கூடியது.

இந்த வாசகம் வேண்டுமென்றே மழுப்பலாக எழுதப்படுவது. பெயர் தவறா, கடவுச்சொல் தவறா என்று பிரித்துச் சொன்னால், எந்தப் பெயர்கள் உண்மையில் இருக்கின்றன என்று திருடன் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பட்டியல் போட்டுவிடுவான். இந்த எச்சரிக்கை நியாயமானது. நிரல் எழுதுபவர்கள் அதோடு நிற்பதில்லை என்பதுதான் தொல்லை. கணக்கு பூட்டப்பட்டாலும், டேட்டாபேஸ் பதில் சொல்லாவிட்டாலும், கண்ணுக்குத் தெரியாத வேறு எந்தச் சோதனையில் தவறினாலும், எல்லாவற்றையும் இதே வாசகத்தில் கொட்டிவிடுகிறார்கள். திரையில் மழுப்புங்கள், தவறில்லை. சர்வரின் லாக் கோப்பிலாவது உண்மையை எழுதுங்கள், இரண்டையும் இணைக்க ஒரு குறிப்பு எண் கொடுங்கள். இதைச் செய்யாததை நான் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன்.

வாங்குபவரின் தொழில்நுட்ப ஆளைப் போனில் பிடித்தோம். கடவுச்சொல்லைப் பற்றிப் பேசாதீர்கள், இந்த நிமிடத்தில் எங்கள் பெயரில் உங்கள் லாக்கில் என்ன விழுந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள் என்றேன். பார்த்தார். கைகுலுக்கல் வெற்றி. சான்றிதழ் செல்லும். கடவுச்சொல் சரி. அதற்கும் கீழே ஒரு வரி: சான்றிதழின் கைரேகை பதிவில் உள்ளதோடு பொருந்தவில்லை.

மேனேஜர் வாசலில் காட்டிய சான்றிதழையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்! ஒருவருடைய சான்றிதழோடு இன்னொருவர் கணக்கில் நுழைந்துவிடக் கூடாதே என்று, எந்தக் கணக்குக்கு எந்தச் சான்றிதழ் என்று ஒரு பேரேடு வைத்திருந்தார்கள். அந்தப் பேரேடுதான் நான்காவது காவலர். அதில் எழுதியிருந்தது சான்றிதழின் கைரேகை, அதாவது முழுச் சான்றிதழையும் அரைத்து எடுத்த எண். ஆண்டுதோறும் சான்றிதழ் புதிதாகும்போது பெயர் மாறாது, கைரேகை மாறிவிடும். பேரேட்டில் இருந்தது பழைய ரேகை.

அதற்குப் பதில் பெயரைப் பேரேட்டில் எழுதலாமே என்றால், அதிலும் கண்ணி இருக்கிறது. அப்பாச்சி என்ற வலை சர்வர் 2.4 பதிப்புக்கு வந்தபோது சான்றிதழிலுள்ள பெயரை எழுதிக்காட்டும் வடிவமே மாறியது. சாய்கோடு போட்டுப் பிரித்த பகுதிகள் காற்புள்ளி போட்டு வேறு வரிசையில் வந்தன. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பயன்பாடுகளுக்குத் தெரிந்தவர்களே அந்நியர் ஆனார்கள். அதே அப்பாச்சியில் சான்றிதழையே பயனர்பெயராக நடிக்கவைக்கும் ஒரு பழைய வசதியும் உண்டு. அதில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். அது என்ன தெரியுமா? ‘பாஸ்வேர்டு’ என்ற சொல்லேதான், ஆங்கிலச் சிற்றெழுத்தில். உண்மையான சோதனை சான்றிதழில் முடிந்துவிடுவதால் பாதகமில்லை என்பது அதன் தர்க்கம். ஆனால் சான்றிதழ் சோதனையை யாராவது கைதவறி நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப்பாருங்கள்.

எல்லாக் காவலரும் சரி என்று சொல்லியும் சரியில்லாமல் போன ஒரு சம்பவம் உண்டு. எஸ்டோனியா 2002 முதல் குடிமக்களுக்குச் சிப் வைத்த அடையாள அட்டை கொடுக்கிறது. சான்றிதழ் அட்டைக்குள், பின் எண் ஆளின் நினைவில். வங்கி, வரி, தேர்தல் வாக்கு வரை அதில்தான். 2017-இல் செக் குடியரசின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்த அட்டைகளில் பயன்பட்ட ஒரு வகைச் சிப் சாவிகளை உண்டாக்கும் முறையில் ஒரு பலவீனம் இருப்பதைக் கண்டார்கள். பொதுச்சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தனிச்சாவியைக் கணக்கிட்டுவிட முடியும். சுமார் 7,60,000 அட்டைகள் பாதிப்புக்குள்ளாயின. அந்த நவம்பர் 3 இரவு அரசு அவற்றின் சான்றிதழ்களை நிறுத்திவைத்தது. பின் எண்ணை மறக்காத, சான்றிதழ் காலாவதி ஆகாத மக்களுக்கு மறுநாள் ‘தப்பு’ என்று வந்தது. அங்கே மறுத்தது அரசாங்கமே. மக்கள் இணையம் வழியாகவோ அலுவலகங்களில் வரிசையில் நின்றோ சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டார்கள்.

திருப்பூரில் எங்களுக்கு வரிசை தேவைப்படவில்லை. புதிய கைரேகையைப் படித்துச் சொன்னேன், அந்தப் பக்கம் பேரேட்டில் திருத்தினார்கள். மாலை நாலரைக்குக் கதவு திறந்தது. காலையிலிருந்து காத்திருந்த இரண்டு ஆர்டர்கள் உள்ளே இருந்தன.

அடுத்த ஆண்டு புதிய சான்றிதழ் வந்த அன்று அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: “சார், இம்போர்ட் ஜன்னல் தப்புங்குதுங்க. சைட்டுக்கு இன்னும் போகலைங்க. புது ரேகைய நேத்தே அவங்களுக்கு அனுப்பிட்டேனுங்க.” பழைய முறையில் பெட்டியைக் கட்டி அனுப்ப எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. அந்த விண்டோஸ் 7 கணினியை அவர்கள் இன்னும் மாற்றவில்லை.